ஹெரால்டின் பூர்வீகம்: ஒரு எம்.டி.யூ. வண்டியின் பழைய சொந்தக்காரர்களைத் தேடிய பதிவு

பழைய கார் கைக்கு வந்தவுடன் எல்லோருக்கும் கை பரபரக்கும். கார்புரேட்டரைக் கழற்றலாம், வீல் சிலிண்டரைப் பிரிக்கலாம், துருவைத் தேய்க்கலாம் என்று தோன்றும். சோழவந்தான் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் கொட்டகையில் நின்றிருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டை வாங்கி மதுரைக்குக் கொண்டுவந்ததும், நானும் என் மெக்கானிக் அண்ணனும் முதலில் பேசி முடித்தது ஒன்றைத்தான். பூர்வீகம் தெரிகிறவரை இந்த வண்டியில் எதையும் தேய்ப்பதில்லை, கழற்றியதில் ஒரு வாஷரைக்கூட எறிவதில்லை. ரெஸ்டோர் செய்யும்போது பழைய தடயம் அழியத்தான் செய்யும். பெயின்டைச் சுரண்டி எடுத்த பிறகு அந்தப் பெயின்டிடம் எதையும் கேட்க முடியாது.

நிலம் வாங்கினால் மூலப்பத்திரம் கேட்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். உலகின் அரிய கார்களுக்கு இதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் ஆர்வலர்கள் இருக்கிறார்கள். ஃபெராரி 250 ஜிடிஓ 1962 முதல் 1964 வரை மொத்தம் 36 தான் செய்யப்பட்டது. மெக்லாரன் எஃப்1 எல்லா வகையும் சேர்த்து 106. இந்த ஒவ்வொரு காரும் யாரிடம் பிறந்து யாரிடம் போனது, எங்கே இடித்தது, எப்போது என்ஜின் மாறியது என்று சேஸ் எண் (காரின் அடிச்சட்டத்துக்கான அடையாள எண்) வாரியாகக் கோப்பு வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஃபெராரியில் சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை எண்ணும் பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை எண்ணும் கொடுப்பது வழக்கம். எண்ணைப் பார்த்தே பாதிக் கதையைச் சொல்லிவிடுவார்கள். 2018-இல் அமெரிக்காவின் மான்டரேயில் ஒரு ஜிடிஓ 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. அந்த விலையில் பெரும்பங்கு அதன் கோப்புக்குத்தான் என்பது என் எண்ணம்.

கோப்பில் சிக்கல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 0384 ஏஎம் என்ற சேஸ் எண் கொண்ட ஃபெராரி 375 பிளஸ் நல்ல உதாரணம். 1954-இல் செய்த பந்தயக் கார். அமெரிக்காவின் ஒஹையோவில் ஒருவரிடம் பல வருஷம் கிடந்து, 1980களின் இறுதியில் திருடுபோய், பெல்ஜியத்தில் போய்ச் சேர்ந்தது. இரண்டு பக்கமும் உரிமை கேட்டு வருஷக்கணக்கில் இழுத்தது. ஒரு வழியாக 2014-இல் இங்கிலாந்தின் குட்வுட்டில் 1 கோடி பவுண்டுக்கு மேல் ஏலம் போன பிறகும் வழக்கு ஓயவில்லை. புகாட்டி டைப் 57 எஸ்சி அட்லான்டிக் செய்ததே 4 தான். அதில் ஒன்று இரண்டாம் உலகப்போர் தொடங்கிய காலத்தில் காணாமல் போனது. இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

என் ஹெரால்டுக்கு அந்த விலையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடக் கிடையாது. ஆனால் முறை ஒன்றுதான். இரும்பு சொல்வதைக் கேட்பது, காகிதம் சொல்வதைக் கேட்பது, மனிதர்கள் சொல்வதைக் கேட்பது, மூன்றும் எங்கே சேர்கின்றன என்று பார்ப்பது.

ஹெரால்டைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம். இங்கிலாந்தில் டிரையம்ஃப் ஹெரால்டு 1959-இல் வந்தது, வடிவமைத்தவர் இத்தாலியின் ஜொவான்னி மிகெலோட்டி. 1961 முதல் சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று இங்கே செய்தது. 948 சிசி என்ஜின். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து காரின் முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிச் சாயும். டயர் மேல் உட்கார்ந்தே என்ஜின் வேலை பார்க்கலாம். ஆரம்பத்தில் இரண்டு கதவு; 60களின் பிற்பகுதியில்தான் நான்கு கதவு வந்தது. தொழிற்சாலை வண்டலூர் பக்கம் பெருங்களத்தூரில் இருந்தது. 80களின் இறுதியில் உற்பத்தி நின்றுபோனது. ஃபெராரிக்காரர்கள் அதன் தொழிற்சாலை இருக்கும் மரனெல்லோவுக்குக் கடிதம் போட்டு ஆவணம் கேட்கலாம். நமக்கு அப்படிக் கேட்க ஒரு வாசல் இல்லை. எல்லாவற்றையும் இங்கேயே, மதுரை ஜில்லாவுக்குள்ளேயே தோண்டி எடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம்தான் இந்த வேலையில் ரொம்ப முக்கியம். ஹெரால்டுக்குத் தனிச் சேஸ் உண்டு. அதன்மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். டாஷ்போர்டோடு சேர்ந்த முன்தொட்டி ஒரு துண்டு, பின்சீட்டும் டிக்கியும் உள்ள பின்தொட்டி ஒரு துண்டு, கூரை தனி. அம்பாசடரை இப்படிப் பிரிக்க முடியாது. ஹெரால்டில் முன்பாதி ஒரு வண்டியுடையதாகவும் பின்பாதி வேறு வண்டியுடையதாகவும் இருக்கலாம். பார்த்தால் தெரியாது.

முதலில் எண். பானெட்டைச் சாய்த்தால் ஃபயர்வாலில் சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. மேலே அரை நூற்றாண்டு கிரீஸும் புழுதியும். மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தோம். கம்பி பிரஷ் போடவே கூடாது, எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும். அப்புறம் மெல்லிய வெள்ளைத்தாளை வைத்து, நான்கு பக்கமும் செல்லோ டேப் ஒட்டி, 2பி பென்சிலைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய்த்தோம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்பார்களே, அதே பென்சில் பிரிண்ட்தான். தாளில் கடைசி இலக்கம் தெளிவாக 8 என்று விழுந்தது. ஆர்.சி. புத்தகத்தில் அதே இடத்தில் 3 என்று எழுதியிருக்கிறது. வெறும் கண்ணால் தகட்டைப் பார்த்தால் 3 மாதிரிதான் தெரியும், 8-இன் இடது பக்கம் துரு தின்றிருக்கிறது. யாரோ ஒரு காலத்தில் கண்ணால் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இந்த 3-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் பின்னால் பெரிய உதவியாக வந்தது.

தகட்டை மட்டும் நம்பக் கூடாது, அதைப் பிடித்திருக்கும் ரிவெட்டையும் பார்க்க வேண்டும். ஃபெராரி ஆர்வலர்கள் ரிவெட்டின் தலையைப் பெரிதாக்கிப் படம் எடுத்து ஒப்பிடுகிறார்கள். நம் வண்டியில் இரண்டு ரிவெட்டுக்கு அடியிலும் அடிப்பெயின்ட் உடையாமல் தொடர்ச்சியாகப் போகிறது. தகட்டை யாரும் எடுத்து மாற்றவில்லை. டைனமோவில் லூகாஸ் முத்திரையோடு மாதத்தையும் ஆண்டையும் குறிக்கும் எண்கள் பதிந்திருந்தன, ஆண்டு 63. என்ஜின் எண் ஆர்.சி.யோடு பொருந்தியது. ஆனால் ஆர்.சி.யே மூலப் புத்தகம் கிடையாது. முதல் பக்கத்தில் டூப்ளிகேட் என்று சீல், தேதி 1981. தொலைந்துபோன புத்தகத்துக்குப் பதிலாக வாங்கும் நகலில் அன்றைய சொந்தக்காரர் பெயர்தான் இருக்கும். ஆக 1981-க்கு முன்னால் நடந்த எதுவும் என் கையில் இருந்த புத்தகத்தில் இல்லை.

அடுத்து பெயின்ட். இது எனக்கு மிகவும் பிடித்த வேலை. கண்ணுக்குப் படாத ஓர் இடத்தில், க்ளவ் பாக்ஸுக்கு உள்ளே, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு 400 நம்பர் வாட்டர் பேப்பரால் தண்ணீர் விட்டு வட்டமாகத் தேய்க்க வேண்டும். நடுவில் அழுத்தம் அதிகம், ஓரத்தில் குறைவு. நடுவில் தகடு பளிச்சென்று தெரிந்ததும் நிறுத்திவிட்டு 1000 நம்பரால் மெருகேற்றினால் ஒவ்வொரு பெயின்டும் ஒரு வளையமாக நிற்கும். உள்ளிருந்து வெளியே படித்தோம்: ரெட் ஆக்சைடு, வெளிர் நீலம், பச்சை, வெள்ளை, கடைசியாக இப்போதைய க்ரீம். வண்டி நான்கு நிறம் பார்த்திருக்கிறது.

அதே மாதிரி டிக்கிக்குள், ஸ்டெப்னி வைக்கும் இடத்தில் தேய்த்தோம். ரெட் ஆக்சைடு, கருஞ்சிவப்பு, வெள்ளை, க்ரீம். நீலம் இல்லை, பச்சை இல்லை. பின்சீட்டுக்கு அடியில் இன்னோர் இடத்தில் தேய்த்துப் பார்த்தோம், அங்கேயும் அதே வரிசை. அண்ணன் எழுந்து நின்று, "இது ரெண்டு வண்டி தம்பி" என்றார். முன்தொட்டியும் பின்தொட்டியும் சேரும் விளிம்பைக் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால், வெறும் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கேஸ் வெல்டிங் மணிமணியாக ஓடுகிறது. வெள்ளை அடிப்பதற்கு முன்னால் ஏதோ ஒரு நாளில் இந்த வண்டியின் பின்பாதி போய்விட்டது, வேறொரு கருஞ்சிவப்பு ஹெரால்டின் பின்பாதி வந்து ஒட்டியிருக்கிறது.

இனி காகிதம். எம்.டி.யூ. என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பார்த்தால் எல்லோரும் மதுரை டவுன் வண்டி என்று நினைப்பார்கள். அன்றைய மதுரை மாவட்டம் எவ்வளவு பெரியது என்பதை மறக்கக் கூடாது. திண்டுக்கல் பிரிந்தது 1985-இல், தேனி பிரிந்தது 1996-இல். அதற்கு முன்னால் கொடைக்கானல், பழனி, பெரியகுளம், கம்பம், போடி எல்லாம் மதுரை மாவட்டம்தான். 1963-இல் எம்.டி.யூ. எண் வாங்கிய கார் ஒரு நாள்கூட மதுரையில் நின்றிருக்காமல் மலையடிவாரத்திலேயே ஓடியிருக்கலாம். மாவட்டம் பிரிந்தபோது பழைய ரிஜிஸ்டர்கள் எங்கே போயின என்பது தனிப் பிரச்சினை. இணையத்தில் எண்ணைப் போட்டால் ஒன்றும் வராது. பழைய வண்டிகளைப் பேக்லாக் என்ட்ரி செய்தால்தான், அதாவது பழைய பதிவை ஆபீஸில் தனியாக ஏற்றினால்தான், வாகன் என்ற அரசுக் கணினிப் பதிவேட்டில் ஏறும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் எல்லாம் வந்துவிடும் என்று பலர் சொன்னார்கள். அந்தச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு மூன்றாம் மனிதரின் சொந்த விவரங்களுக்குப் பாதுகாப்பு கொடுக்கிறது. முந்தைய உரிமையாளர் பெயரும் முகவரியும் அதில் அடங்கும் என்று மறுத்துவிட இடம் இருக்கிறது, அந்தப் பாதுகாப்பு நியாயமானதும்கூட. நான் வேறு வழியில் போனேன். முதலில் வண்டியை முறைப்படி என் பெயருக்கு மாற்றினேன். புத்தகத்தில் பெயருள்ளவர் காலமாகி வெகுகாலம் ஆகியிருந்ததால், வாரிசு பெயருக்கு 31-ஆம் பாரம், அதன் பிறகு அவரிடமிருந்து எனக்கு 29-உம் 30-உம். அப்புறம் இன்றைய உரிமையாளர் என்ற முறையில், என் சொந்த வண்டியின் பி ரிஜிஸ்டர் பதிவை, அதாவது ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவேட்டில் உள்ள விவரத்தை, கேட்டு எழுதிக்கொடுத்தேன். இழுத்தடித்தது. கடைசியில் ஒரு எழுத்தர் அம்மா பொறுமையாக ரேக்கில் தேடி, கட்டு அவிழ்ந்த ஒரு ரிஜிஸ்டரைக் கொண்டுவந்தார். அந்தப் பக்கத்தைப் பூச்சி அரித்திருந்தது. தெரிந்தவை இவ்வளவுதான்: பதிவான ஆண்டு 1963, சேஸ் எண்ணின் கடைசி இலக்கம் 8, நிறம் நீலம், முகவரியில் "பெரியகுளம் தாலுகா". பெயர் இருந்த இடத்தில் ஓட்டை.

எனக்கு அதுவே போதும். முதல் நிறம் நீலம் என்பது காகிதத்தோடு சேர்ந்துவிட்டது. அன்றைக்குப் பெரியகுளம் தாலுகாவில் புதுக் கார் வாங்கக்கூடிய வீடுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருந்திருக்கும். போடியும் அப்போது அந்தத் தாலுகாதான், ஏலக்காய் வியாபாரம் நடக்கிற ஊர். 2010 கடைசியில் நின்றுபோன மதுரை-போடி ரயில் 2023-இல் மறுபடி போடி வரைக்கும் ஓட ஆரம்பித்துவிட்டது, அதனால் போய்வருவது சுலபமாக இருந்தது.

போடியில் கமிஷன் கடைகளில் விசாரித்தபோது நான் கற்றுக்கொண்ட ஒரு முறையைச் சொல்ல வேண்டும். நமக்குத் தெரிந்ததை முதலில் சொல்லவே கூடாது. "நீலக் கலர் ஹெரால்டு, 63 மாடல், உங்க ஏரியாவுல இருந்துச்சாமே" என்று ஆரம்பித்தால் பெரியவர்கள் நம் மனம் நோகக் கூடாது என்றே ஆமாம் சொல்லிவிடுவார்கள். "அந்தக் காலத்துல இங்கிட்டு யார் வீட்டுல எல்லாம் கார் இருந்துச்சுங்கய்யா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டும். அம்பாசடர், ஃபியட், ஜீப் என்று வரிசையாக வரும். நடுவில் ஒருவர், "ஒரு ஏலக்கா வியாபாரி வீட்டுல மூஞ்சி மொத்தமா திறக்கும் பாருங்க, அந்த வண்டி நின்னுச்சு" என்றார். அவர் ஹெரால்டு என்ற பெயரைச் சொல்லவில்லை, பானெட்டைச் சொன்னார். அந்த ஊரில் அப்படித் திறக்கும் கார் வேறு எது இருந்திருக்க முடியும்!

அந்தக் குடும்பம் இன்னும் அதே தெருவில் இருக்கிறது. பெயரை எழுதப் போவதில்லை. எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். வீட்டு அம்மா ஒரு கல்யாண ஆல்பத்தை எடுத்துவந்தார். கறுப்பு அட்டையில், நான்கு மூலையிலும் முக்கோணக் காகிதம் செருகி ஒட்டிய படங்கள், ஓரமெல்லாம் பல்பல்லாக வெட்டியது. மாப்பிள்ளை அழைப்புப் படத்தில் கார் நேராக நம்மைப் பார்த்து நிற்கிறது. எம்.டி.யூ., மூன்று இலக்கம் தெளிவு; நான்காவது இலக்கத்தின்மேல் ரோஜா மாலையின் குஞ்சம் தொங்குகிறது. ஆல்பத்துக்குள் செருகியிருந்த கல்யாணப் பத்திரிகையில் 1966 ஆவணி முகூர்த்தம்.

நான்காவது இலக்கம் இல்லாமல் இது நம் வண்டிதான் என்று எப்படிச் சொல்வது? பத்தில் ஒரு வாய்ப்பை வைத்துக்கொண்டு கோப்பில் எழுத முடியாது. படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது பம்பருக்குக் கீழே வலது பக்கம் மட்டும் தனியாக ஒரு ஃபாக் லேம்ப் தெரிந்தது. மலைப்பாதைப் பனிக்காக அப்பா போட்டது, ஒன்றுதான் கிடைத்தது, இரண்டாவது கடைசிவரை வாங்கவேயில்லை என்றார் அந்த அம்மாவின் கணவர். அன்று இரவே மதுரைக்கு வந்து காரின் முன்பக்கக் கீழ்த்தகட்டில் காந்தத்தை ஓட்டினோம். பெயின்டுக்கு அடியில் இரும்பு இருந்தால் காந்தம் கவ்வும். பட்டியோ பித்தளையோ இருந்தால் நழுவும். வலது பக்கம் இரண்டு இடத்தில் நழுவியது. இடது பக்கத்தில் எங்கேயும் நழுவவில்லை. பின்பக்கமாகச் சுத்தம் செய்து பார்த்தால் பித்தளை வைத்து அடைத்த இரண்டு ஓட்டைகள். பம்பர் போல்ட்டிலிருந்து அந்த ஓட்டைகள் இருக்கும் தூரமும் படத்தில் உள்ள விகிதமும் ஒத்துப்போயின. அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதைவிடப் பெரிய சான்று அதே வீட்டு மரப்பெட்டியில் இருந்தது. பழைய வண்டியை விற்கும்போது டெலிவரி நோட் எழுதி வாங்குவார்கள். இன்ன தேதி, இன்ன மணி முதல் வண்டியால் வரும் எந்த வில்லங்கத்துக்கும் வாங்கியவரே பொறுப்பு என்று ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போடும் தாள். அதன் நகலை அந்த வியாபாரி பத்திரமாக வைத்திருந்தார். 1970 பங்குனி மாதம், மாலை 4 மணி, வாங்கியவர் உசிலம்பட்டிப் பக்கத்து ஆசிரியர் ஒருவர், நிறம் பச்சை, சேஸ் எண் முழுவதும். கடைசி இலக்கம் 8. தகட்டின் பென்சில் பிரிண்ட், பி ரிஜிஸ்டர், டெலிவரி நோட் மூன்றும் 8 என்கின்றன. 1981 டூப்ளிகேட் மட்டும் 3. இப்போது எந்தச் சந்தேகமும் இல்லை. நீலத்துக்கு மேல் பச்சை வந்தது எப்போது என்பதும் தெரிந்துவிட்டது: தங்கையின் கல்யாணத்துக்கு முன்னால் அடித்தது என்றார் அந்த அம்மாவின் கணவர்.

ஆசிரியரின் மகளைப் பிடித்தது எளிது, ஊரில் வாத்தியார் வீடு என்றால் தெரியாதவர் இல்லை. கார் எப்போது போனது என்ற கேள்விக்கு அவரிடம் தேதி இல்லை. "நான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதிட்டு வந்தப்ப வாசல்ல வண்டி இல்ல, அழுதேன்" என்றார். உள்ளே போய் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தை எடுத்து வந்தார். 1974. இந்த மாதிரி வேலையில் தேதியைக் கேட்பதைவிட அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்பதுதான் பலன் தரும்.

வெல்டிங் கதைக்குச் சாட்சி பழங்காநத்தத்தில் கிடைத்தார். எண்பது வயதைத் தாண்டிய டிங்கர் ஐயா. வண்டியை அவருடைய பட்டறைக்கே இழுத்துக்கொண்டு போய், எதையும் சொல்லாமல் அடியில் டார்ச்சைக் காட்டினோம். சட்டையைக் கழற்றிவிட்டுச் சாக்கை விரித்துப் படுத்து, விரலால் அந்த வெல்டிங்கைத் தடவிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்றார். "இந்த இடத்துல ராடு தீந்துபோயி வேற ராடு போட்டிருக்கு. இது எங்க ஆசான் பட்டறை வேலை. நான் அப்ப கையாளு." ஆண்டிபட்டி கணவாயில் லாரி பின்னால் வந்து இடித்த வாத்தியார் வண்டி, பின்பக்கம் சப்பிப்போய் வந்தது, ஆசான் எங்கிருந்தோ ஒரு பின்பாதியை மாட்டுவண்டியில் ஏற்றிவரச் செய்தார், வேலை முடிந்து வெள்ளை அடித்துக் கொடுத்தோம் என்று மளமளவென்று சொன்னார். வாத்தியார் என்ற சொல்லை நாங்கள் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

ஒரு புரளியையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். சோழவந்தானில் பலர் இது ஒரு பெரிய நடிகர் தேர்தல் நேரத்தில் ஏறி வந்த கார் என்றார்கள். படம்கூட இருக்கிறது என்று ஒருவர் காட்டினார். படத்தில் உள்ள வெள்ளை ஹெரால்டுக்கு நான்கு கதவு. நம்முடையது இரண்டு கதவு. அந்தக் கதை கோப்பில் ஏறாது. கேட்க நன்றாக இருக்கும் கதைகளைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும். பெரிய ஓட்டுநர் ஓட்டினார் என்று ஒரு வரியைச் சேர்த்துக் காரின் விலையைக் கோடிக்கணக்கில் ஏற்றப் பார்க்கிறவர்கள் சூப்பர்கார் உலகத்திலும் உண்டு. அதனால்தான் அங்கே பந்தய நாளின் படமும் சேஸ் எண்ணும் சேர்ந்து வராதவரை ஏற்க மாட்டார்கள்.

இன்றைய நிலையில் கோப்பு இப்படி நிற்கிறது. 1963 முதல் 1970 வரை போடி. 1974 வரை உசிலம்பட்டி ஆசிரியர். 1981-இல் டூப்ளிகேட் வாங்கிய மதுரைக்காரர். 1992 முதல் சோழவந்தான் விவசாயி, அவர் குடும்பத்திடமிருந்து நான். 1974-க்கும் 1981-க்கும் நடுவில் வெற்றிடம். அந்த ஏழு வருஷத்தை யூகித்து நிரப்பப் போவதில்லை. அன்றைக்குப் பலர் டிரான்ஸ்ஃபர் பாரத்தில் வெறும் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமலே ஓட்டி, அப்படியே அடுத்தவருக்குக் கைமாற்றிவிடுவார்கள். புரோக்கர் கை, ஃபைனான்ஸ்காரர் கை என்று போகும். புத்தகத்தில் ஏறிய பெயர்கள் ஒரு வரிசை, வண்டியை வைத்து ஓட்டிய கைகள் இன்னொரு வரிசை. என் கோப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பத்தி போட்டிருக்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, இரும்பா, காகிதமா, வாய்மொழியா, எதை வைத்து எழுதினேன் என்று குறித்திருக்கிறேன். வாய்மொழி மட்டும் இருந்தால் பென்சிலில் எழுதியிருக்கிறது.

இதெல்லாம் வெறும் ஆசைக்கு மட்டும் செய்யும் வேலை கிடையாது. 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வயதைத் தாண்டிய, வணிகத்துக்கு ஓடாத இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் சேரலாம். புதிதாகப் பதிந்தால் விஏ என்ற எழுத்தோடு எண், கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்று நிபந்தனை. நம் வண்டியின் பின்பாதி மாறியது அதே மாடல் பாகத்தால், அதுவும் ஐம்பது வருஷத்துக்கு முன்னால், விபத்துப் பழுதுக்காக. அதை மறைக்காமல், பெயின்ட் வளையத்தின் படத்தோடும் டிங்கர் ஐயாவின் வாக்குமூலத்தோடும் சேர்த்தே விண்ணப்பிக்கப் போகிறேன். வெல்டிங்கைத் தேய்த்து மழுப்பிவிடலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். மாட்டேன். அது இந்த வண்டியின் வாழ்க்கையில் நடந்த ஒன்று, ஒரு தொழிலாளியின் கைவேலை. துருப்பிடிக்காமல் இருக்க நிறமில்லாத லேக்கர் மட்டும் அடித்து அப்படியே விடுகிறோம். க்ளவ் பாக்ஸில் உள்ள வளையத்தையும் அப்படித்தான். காருக்கு வெளியே அடிக்கப்போவது அந்த முதல் வெளிர் நீலம். டிக்கிக்குள் மட்டும் கருஞ்சிவப்பு தெரிகிற ஓர் இடத்தை விட்டுவைப்போம்.

அந்தக் கருஞ்சிவப்பு ஹெரால்டு யாருடையது என்பது அடுத்த வேலை. அதன் முன்பாதி எங்கே போனது, ஏன் பிரித்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. டிங்கர் ஐயாவுக்கு மாட்டுவண்டி வடக்கிலிருந்து, வாடிப்பட்டிப் பக்கமாக வந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் உங்கள் வீட்டுப் பழைய ஆல்பங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். 1974 முதல் 1981 வரையில் எடுத்த படத்தில் இரண்டு கதவு வெள்ளை ஹெரால்டு எங்காவது ஓரத்தில் நின்றால், அல்லது 60களில் கருஞ்சிவப்பு ஹெரால்டு ஒன்று நின்றால், படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்க வேண்டாம். வெளிச்சத்தில் வைத்து நேராகப் படம் எடுங்கள், பின்பக்கம் ஸ்டூடியோ சீல் இருந்தால் அதையும் எடுங்கள். படத்தில் நிற்கிறவர்கள் யார் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.